பிஎச்பியில் முதல் கிளாஸ்: பற்று நோட்டிலிருந்து தொடங்குவோம்

ஃபார்மில் வந்ததை வாங்கி டேட்டாபேசில் போடத் தெரியும். ஃபங்ஷனும் அர்ரேயும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் யாராவது எழுதிய கோடில் கிளாஸ், எக்ஸ்டெண்ட்ஸ், அம்புக்குறி என்று வந்தாலே பக்கத்தை மூடிவிடுகிறீர்கள். உங்களுக்காகத்தான் இது.

பாடம் எடுப்பவர்கள் பலரும் 'விலங்கு' என்று ஒரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து நாயையும் பூனையையும் பிறக்க வைப்பார்கள். நாய் குரைக்கும், பூனை கத்தும், பாடம் முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு உங்கள் பில்லிங் பக்கத்தில் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. நாம் மளிகைக் கடைப் பற்று நோட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர், அவர் பெயரில் ஒரு பாக்கி. சாமான் வாங்கினால் பாக்கி ஏறும், பணம் கட்டினால் இறங்கும், ஒரு வரம்புக்கு மேல் கடன் கிடையாது. இவ்வளவுதான் கணக்கு. ஆப்ஜெக்ட் முறை எதற்கு என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

பிஎச்பி 8.1 அல்லது அதற்குப் புதிய பதிப்பு வேண்டும். விண்டோஸில் சாம்ப் போட்டிருந்தால் பிஎச்பியும் அதனுடனேயே வந்திருக்கும். பதிப்பு எண்ணைப் பார்க்க, டெர்மினலில் பிஎச்பி என்று தட்டி, ஒரு இடம் விட்டு, ஹைஃபனும் சின்ன 'வி'யும் போடுங்கள். பழகுவதற்கு அப்பாச்சியோ பிரவுசரோ தேவையில்லை. பிஎச்பி, இடம், கோப்பின் பெயர் என்று டெர்மினலில் தட்டினாலே கோப்பு ஓடும்.

கோட் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அதில் இரண்டு வகைச் சொற்கள் உண்டு. கிளாஸ், பப்ளிக், ஃபங்ஷன், நியூ, திஸ், ட்ரிம் போன்றவை பிஎச்பியின் சொந்தச் சொற்கள். எடிட்டரில் இவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பற்றுக்கணக்கு, பாக்கி, வாங்கு போன்றவை நாம் வைக்கும் பெயர்கள். இவற்றை அப்படியே தமிழில் தட்டலாம், பிஎச்பி மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொள்ளும். கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ொ, ோ, ௌ ஆகிய குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். பிஎச்பி பெயர்களை பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும் என்பதால் அதற்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். '$தொகை' என்ற மாறியே இல்லை என்று அது எச்சரிக்கும், நீங்கள் கண்ணெதிரே இருக்கும் $தொகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையில் நான் வைத்த பெயர்கள் எதிலும் அந்தக் குறிகள் வராது. வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலப் பெயர்களையே வையுங்கள். பழகும்போது எது மொழியின் சொல், எது நம் சொல் என்று பிரித்துப் பார்க்கத் தமிழ்ப் பெயர்கள் வசதி, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும், தொடக்கக் குறிக்கு அடுத்த வரியாக, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்:

```
டிக்ளேர்(ஸ்ட்ரிக்ட்_டைப்ஸ்=1);
```

எண் கேட்கும் இடத்தில் ஸ்ட்ரிங்கை, அதாவது சரத்தைக் கொடுத்தால் பிஎச்பி அதைத் தானாக மாற்றிக்கொள்ளாமல் உடனே பிழை சொல்லும். தொடக்கத்தில் தொந்தரவாகத் தோன்றும், ஆனால் பழகுகிறவருக்கு இந்தக் கண்டிப்புதான் நல்லது.

அர்ரேயில் என்ன குறை?

கிளாஸ் தெரியாதவர் இதை எப்படி எழுதுவார்?

```
$கணக்கு = ['பெயர்' => 'முருகேசன்', 'பாக்கி' => 0];
$கணக்கு['பாக்கி'] += 25000;   // 250 ரூபாய்க்குச் சாமான்
$கணக்கு['பாக்கி'] -= 10000;   // 100 ரூபாய் கட்டினார்
```

தொகையைப் பைசாவில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். ரூபாயைத் தசம எண்ணாக வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, 19.99ஐ 100ஆல் பெருக்கி முழு எண்ணாக மாற்றிப் பாருங்கள். 1999 வராது, 1998 வரும். தசம எண்களைக் கணினி இருமத்தில் வைப்பதால் கடைசி இலக்கங்களில் வரும் சறுக்கல் இது. காசுக்கு முழு எண்தான் சரி.

இந்த மூன்று வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வேறொரு கோப்பில் ஒருவர் அவசரத்தில் 'பாக்கீ' என்று நெடிலாகத் தட்டி அதில் 0 வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்பி ஒரு வார்த்தை பேசாது. புதிதாக ஒரு அறையைத் திறந்து 0வைப் போட்டுவிடும், பழைய பாக்கி அப்படியே நிற்கும். வேறொருவர் பாக்கியை மைனஸில் இறக்கினாலும் கேட்க ஆள் இல்லை. கடன் வரம்புச் சோதனையோ, சாமான் போடும் பக்கத்தில் ஒன்று, மொபைலுக்கான பக்கத்தில் ஒன்று, பழைய கணக்கை ஏற்றும் ஸ்கிரிப்டில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். வரம்பை மாற்றச் சொன்னால் மூன்று இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்துவிடுவோம்.

தகவல் ஓரிடத்தில், அதற்கான விதி வேறு பல இடங்களில். இதுதான் குறை. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவரத்தான் கிளாஸ்.

முதல் கிளாஸ்

```
கிளாஸ் பற்றுக்கணக்கு
{
    பப்ளிக் ஸ்ட்ரிங் $பெயர் = '';
    பப்ளிக் இன்ட் $பாக்கி = 0;

    பப்ளிக் ஃபங்ஷன் வாங்கு(இன்ட் $பைசா): வாய்டு
    {
        $திஸ்->பாக்கி += $பைசா;
    }
}

$ஒன்று = நியூ பற்றுக்கணக்கு();
$ஒன்று->பெயர் = 'முருகேசன்';
$ஒன்று->வாங்கு(25000);

$இரண்டு = நியூ பற்றுக்கணக்கு();
$இரண்டு->பெயர் = 'பாத்திமா';
$இரண்டு->வாங்கு(8000);
```

கிளாஸ் என்பது ஒரு பற்றுக் கணக்கில் என்னென்ன இருக்கும், அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்ற விவரம் மட்டுமே. அதை எழுதியதும் கணக்கு எதுவும் உருவாகிவிடாது. நியூ என்று சொல்லும்போதுதான் ஒரு கணக்கு பிறக்கிறது. அதுதான் ஆப்ஜெக்ட். மேலே கிளாஸ் ஒன்று, ஆப்ஜெக்ட் இரண்டு. முருகேசனின் பாக்கிக்கும் பாத்திமாவின் பாக்கிக்கும் சம்பந்தமில்லை.

உள்ளே இருக்கும் மாறிகளுக்கு ப்ராப்பர்ட்டி என்றும், ஃபங்ஷன்களுக்கு மெத்தட் என்றும் பெயர். மெத்தட் பெயருக்குப் பின்னால் வரும் வாய்டு, அது எதையும் திருப்பித் தராது என்று சொல்கிறது. அம்புக்குறி என்பது கழித்தல் குறியும் 'விடப் பெரியது' குறியும் சேர்ந்தது. இதைப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டீர்கள். மைஎஸ்க்யூஎல்ஐயில் $டிபி->க்வெரி என்று எழுதியபோதும், வேர்ட்பிரஸ்ஸில் $டபிள்யூபிடிபியை அழைத்தபோதும் நீங்கள் ஆப்ஜெக்டைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தீர்கள்.

புதியவர்கள் தடுமாறுவது $திஸ்ஸில்தான். கிளாஸை எழுதும்போது அதிலிருந்து எத்தனை கணக்கு பிறக்கும், அவற்றுக்கு வெளியே என்ன பெயர் இருக்கும் என்று தெரியாது. ஆகவே 'எந்தக் கணக்கின் மேல் இந்த மெத்தட் இப்போது அழைக்கப்பட்டதோ அந்தக் கணக்கு' என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். அதுதான் $திஸ். $ஒன்று->வாங்கு என்றால் உள்ளே $திஸ் முருகேசனின் கணக்கு. $இரண்டு->வாங்கு என்றால் அதே வரியில் $திஸ் பாத்திமாவின் கணக்கு.

இங்கே டாலர் குறியைக் கவனியுங்கள். $திஸ்->பாக்கி என்பதில் அம்புக்குறிக்குப் பின் டாலர் இல்லை. பழக்கதோஷத்தில் $திஸ்->$பாக்கி என்று எழுதினால், $பாக்கி என்ற உள்ளூர் மாறியில் என்ன பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருள்ள ப்ராப்பர்ட்டியைத் தேடு என்று பொருளாகிவிடும். அப்படியொரு மாறியே இல்லாததால் எச்சரிக்கை வரும். முதல் வாரத்தில் வரும் பிழைகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு நல்லது: இப்போது $ஒன்று->பாக்கீ என்று தப்பாகத் தட்டி மதிப்பு வைத்துப் பாருங்கள். பிஎச்பி 8.2 முதல், கிளாஸில் சொல்லாத ப்ராப்பர்ட்டியை இப்படி உருவாக்குவது வழக்கொழிந்தது என்ற எச்சரிக்கை வரும். அர்ரேயில் சத்தமில்லாமல் போனது இங்கே பிடிபடும்.

பிறக்கும்போதே முழுதாக

மேலே ஒரு பெரிய ஓட்டை. நியூ சொன்னதற்கும் பெயர் வைத்ததற்கும் நடுவில், பெயரில்லாத கணக்கு ஒன்று உலவுகிறது. பெயர் வைக்க மறந்தால் அது அப்படியே டேட்டாபேஸ் வரைக்கும் போகும். அதோடு பாக்கி இன்னும் பப்ளிக். யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து கை வைக்கலாம். இரண்டையும் ஒரேயடியாகச் சரிசெய்வோம்.

```
கிளாஸ் பற்றுக்கணக்கு
{
    பிரைவேட் இன்ட் $பாக்கி = 0;

    பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்(
        பப்ளிக் ரீட்ஒன்லி ஸ்ட்ரிங் $பெயர்,
        பிரைவேட் இன்ட் $வரம்பு = 500000,
    ) {
        இஃப் (ட்ரிம்($பெயர்) === '') {
            த்ரோ நியூ இன்வேலிட்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன்('பெயர் இல்லை');
        }
    }

    பப்ளிக் ஃபங்ஷன் வாங்கு(இன்ட் $பைசா): வாய்டு
    {
        $திஸ்->சரிபார்($பைசா);
        இஃப் ($திஸ்->பாக்கி + $பைசா > $திஸ்->வரம்பு) {
            த்ரோ நியூ டொமைன்எக்செப்ஷன்('கடன் வரம்பு தாண்டுகிறது');
        }
        $திஸ்->பாக்கி += $பைசா;
    }

    பப்ளிக் ஃபங்ஷன் கட்டு(இன்ட் $பைசா): வாய்டு
    {
        $திஸ்->சரிபார்($பைசா);
        இஃப் ($பைசா > $திஸ்->பாக்கி) {
            த்ரோ நியூ டொமைன்எக்செப்ஷன்('பாக்கியை விட அதிகம்');
        }
        $திஸ்->பாக்கி -= $பைசா;
    }

    பப்ளிக் ஃபங்ஷன் பாக்கி(): இன்ட்
    {
        ரிட்டர்ன் $திஸ்->பாக்கி;
    }

    பிரைவேட் ஃபங்ஷன் சரிபார்(இன்ட் $பைசா): வாய்டு
    {
        இஃப் ($பைசா <= 0) {
            த்ரோ நியூ இன்வேலிட்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன்('தொகை தவறு');
        }
    }
}
```

கன்ஸ்ட்ரக்டர் என்பது நியூ சொன்னதும் தானாக ஓடும் மெத்தட். பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட வேண்டும். ஒன்று போட்டால் அது சாதாரண மெத்தட், யாரும் அழைக்காமல் கிடக்கும். அடைப்புக்குறிக்குள் பப்ளிக், பிரைவேட் என்று போட்டிருப்பதால் அந்த மாறிகளே ப்ராப்பர்ட்டிகளாகவும் ஆகிவிடுகின்றன. இந்தச் சுருக்கம் 2020இல் வந்த பிஎச்பி 8.0இலிருந்து உண்டு. ரீட்ஒன்லி 8.1இல் வந்தது. பெயரை எல்லோரும் படிக்கலாம், ஒருமுறை வைத்தபின் யாரும் மாற்ற முடியாது.

இனி நியூ பற்றுக்கணக்கு('முருகேசன்') என்றுதான் தொடங்க முடியும். பெயர் கொடுக்காவிட்டால் கணக்கே பிறக்காது. விதி மீறப்பட்டால் த்ரோ ஒரு எக்செப்ஷனை, அதாவது பிழையைச் சொல்லும் ஆப்ஜெக்டை, வீசி வேலையை அங்கேயே நிறுத்திவிடும்.

இணையத்தில் தேடும்போது பழைய பாடங்களிடம் ஏமாறாதீர்கள். 1998இல் வந்த பிஎச்பி 3இலேயே கிளாஸ் உண்டு, ஆனால் பெயருக்குத்தான். பிரைவேட்டும் இன்டர்ஃபேஸும் இரண்டு அடிக்கோட்டுக் கன்ஸ்ட்ரக்டரும் 2004இல் பிஎச்பி 5 வந்தபோதுதான் வந்தன. ஒரு பாடத்தில் ப்ராப்பர்ட்டிக்கு முன்னால் 'வார்' என்று இருந்தாலோ, கிளாஸின் பெயரிலேயே ஒரு மெத்தட் எழுதி அதைக் கன்ஸ்ட்ரக்டர் என்று சொன்னாலோ, அடுத்த பாடத்துக்குப் போய்விடுங்கள். கிளாஸ் பெயர்க் கன்ஸ்ட்ரக்டர் 8.0இல் அடியோடு எடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் கோடைப் புதிய பதிப்பில் ஓட்டினால் பிழைகூட வராது. அது வெறும் மெத்தடாகக் கிடக்கும், ஏன் மதிப்பு எதுவும் ஏறவில்லை என்று நீங்கள்தான் குழம்புவீர்கள்.

இப்போது வெளியிலிருந்து $ஒன்று->பாக்கி = 0 என்று எழுதிப் பாருங்கள். பிரைவேட் ப்ராப்பர்ட்டியை அணுக முடியாது என்று பிழை வந்து நிரல் நின்றுவிடும். நின்றால் நல்லது. பாக்கியை மாற்ற இரண்டே வழிதான் இருக்கின்றன, இரண்டும் விதியைக் கேட்டுவிட்டுத்தான் விடும்.

சில கடைகளில் முன்பணம் வாங்கி வைப்பார்கள், பாக்கி மைனஸில் இறங்கலாம். அப்படியென்றால் கட்டு மெத்தடில் உள்ள அந்த ஒரு சோதனையை எடுத்தால் போதும். எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று முப்பது கோப்பில் தேட வேண்டியதில்லை. ஆப்ஜெக்ட் முறையின் லாபம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பிரைவேட்டைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் ஒரு 'எடு', ஒரு 'வை' என்று இரண்டிரண்டு மெத்தட் எழுதித் தள்ளுபவர்கள் உண்டு. பாக்கிக்கு 'பாக்கிவை' என்று ஒரு மெத்தட் எழுதி, கொடுத்ததை அப்படியே உள்ளே போட்டால், கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே தொங்கவிட்டது மாதிரி. மெத்தடின் பெயர் கடையில் நடக்கும் செயலாக இருக்கட்டும்: வாங்கு, கட்டு.

ஃபார்மிலிருந்து வருவது எல்லாம் சரம்

கண்டிப்பு வரியைப் போட்டிருப்பதால் இங்கே ஒரு முட்டல் வரும். போஸ்ட்டில் வரும் தொகை, எண்ணாகத் தெரிந்தாலும் சரம்தான். அதை நேராக வாங்கு மெத்தடுக்குக் கொடுத்தால் டைப்எரர். ஃபில்டர்_வார் ஃபங்ஷனில் முழு எண் சோதனையைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். எண் இல்லையென்றால் அது ஃபால்ஸ் தரும், அங்கேயே நிறுத்திவிடலாம். ஃபார்மில் ரூபாய் வந்தால் 100ஆல் பெருக்குவது இந்த இடத்தில்தான் நடக்க வேண்டும், கிளாஸுக்குள் இல்லை. கிளாஸுக்குப் பைசா மட்டும் தெரிந்தால் போதும்.

திரையில் காட்டும்போது நம்பர்_ஃபார்மேட் ஃபங்ஷன் 1,00,000 என்று காட்டாது, 100,000 என்றுதான் காட்டும். நம் ஊர் முறையில் காற்புள்ளி வேண்டுமென்றால் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் நம்பர்ஃபார்மேட்டர் என்று ஒரு கிளாஸ் தயாராக இருக்கிறது. நியூ சொல்லிப் பயன்படுத்திப் பாருங்கள். நாம் எழுதாத கிளாஸைப் பயன்படுத்திப் பழகுவதும் பாடம்தான்.

ஒரே கணக்கு, இரண்டு பெயர்

```
$அ = நியூ பற்றுக்கணக்கு('முருகேசன்');
$ஆ = $அ;
$ஆ->வாங்கு(5000);
எக்கோ $அ->பாக்கி();
```

விடை 0 என்று நினைத்தால், உங்கள் மனது இன்னும் அர்ரேயில் இருக்கிறது. விடை 5000. அர்ரேயை இன்னொரு மாறியில் வைத்தால் அது தனிப் பிரதி. ஆப்ஜெக்டை வைத்தால் கணக்கு ஒன்றேதான், கூப்பிட இரண்டு பெயர். ஃபங்ஷனுக்கு அனுப்பினாலும் இதே கதைதான். உள்ளே செய்த மாற்றம் வெளியே தெரியும். ஃபார்ஈச்சில் சுற்றும்போது அர்ரேக்குப் போட்டதுபோல் & குறியும் தேவையில்லை. பிஎச்பி 4 வரைக்கும் ஆப்ஜெக்டும் பிரதிதான் எடுக்கப்பட்டது, 5இல் மாற்றினார்கள். தனிப் பிரதி வேண்டுமென்றால் க்ளோன் என்ற சொல்லைப் போட வேண்டும்.

இது கடிக்கும் இடம் தேதி. டேட்டைம் ஆப்ஜெக்ட் ஒன்றை $தவணை என்று வைத்து, $கெடு = $தவணை என்று எழுதி, $கெடுவில் 30 நாள் கூட்டுங்கள். $தவணையும் 30 நாள் தள்ளிப்போயிருக்கும். அதனால்தான் டேட்டைம்இம்யூட்டபிள் என்று ஒன்று 5.5இல் வந்தது. அதில் நாளைக் கூட்டினால் பழையது அப்படியே இருக்கும், புதிய ஆப்ஜெக்ட் ஒன்று திரும்பி வரும். வந்ததை ஒரு மாறியில் பிடித்துக்கொள்ள மறந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எப்போதும் இம்யூட்டபிளையே எடுங்கள்.

ஒப்பிடும்போதும் வித்தியாசம் உண்டு. இரண்டு சமக்குறி என்றால் ஒரே கிளாஸ், ஒரே மதிப்புகள். மூன்று சமக்குறி என்றால் அதே ஆப்ஜெக்ட்.

பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பாக்கி 0

டெர்மினலில் ஓட்டியவரை பிரச்சினை இருக்காது. பிரவுசருக்குக் கொண்டுவந்ததும் பலர் திகைப்பது இங்கேதான். முதல் பக்கத்தில் வாங்கு(25000) என்று அழைத்தாயிற்று. அடுத்த பக்கத்தில் பாக்கி 0 என்கிறது. பிஎச்பியில் ஆப்ஜெக்டின் ஆயுள் ஒரு கோரிக்கை. பக்கம் பிரவுசருக்குப் போய்ச் சேர்ந்ததும் நினைவகத்தில் இருந்த எல்லாம் போய்விடும். நம் கணக்கில் நிலைத்து நிற்பது டேட்டாபேசில் எழுதிவைத்தது மட்டுமே. ஒவ்வொரு கோரிக்கையிலும் அங்கிருந்து ஒரு வரியை எடுத்து, அதிலிருந்து ஆப்ஜெக்டை மறுபடி பிறக்க வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப எழுதிவைக்க வேண்டும்.

பாக்கி பிரைவேட் ஆயிற்றே, டேட்டாபேசில் இருந்த 15000ஐ எப்படி உள்ளே போடுவது? கிளாஸுக்குள் இதைச் சேருங்கள்:

```
    பப்ளிக் ஸ்டாட்டிக் ஃபங்ஷன் வரியிலிருந்து(அர்ரே $வரி): செல்ஃப்
    {
        $கணக்கு = நியூ செல்ஃப்($வரி['பெயர்'], (இன்ட்) $வரி['வரம்பு']);
        $கணக்கு->பாக்கி = (இன்ட்) $வரி['பாக்கி'];
        ரிட்டர்ன் $கணக்கு;
    }
```

ஸ்டாட்டிக் என்றால் எந்தக் கணக்கின் மேலும் அழைக்கப்படாத மெத்தட். கிளாஸின் பெயரைச் சொல்லி, இரட்டை முக்காற்புள்ளி போட்டு, பற்றுக்கணக்கு::வரியிலிருந்து($வரி) என்று அழைக்கலாம். உள்ளே $திஸ் இருக்காது. செல்ஃப் என்பது இதே கிளாஸைக் குறிக்கும் சொல். பிரைவேட்டான பாக்கியில் கை வைக்க முடிகிறதே என்று கேட்டால், பிரைவேட் என்பது கிளாஸ் என்ற எல்லைக்குத்தான், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனி எல்லை கிடையாது. இதே கிளாஸில் எழுதிய கோட் எந்தப் பற்றுக் கணக்கின் உள்ளேயும் பார்க்கும்.

ஸ்டாட்டிக்கை இப்படிப் 'பிறப்பிக்கும்' வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மெத்தடுக்கும் ஸ்டாட்டிக் போட்டு எழுதுவது, பழைய ஃபங்ஷன்களுக்கு நீளமான பெயர் வைத்ததற்குச் சமம்.

எக்ஸ்டெண்ட்ஸ்: கடைசியில் கற்க வேண்டியது

மொத்தமாகச் சாமான் எடுக்கும் ஓட்டல்காரருக்கு வரம்பு அதிகம். உடனே 'ஓட்டல்கணக்கு எக்ஸ்டெண்ட்ஸ் பற்றுக்கணக்கு' என்று எழுதக் கை பரபரக்கும். வேண்டாம். மாறுவது ஒரு எண், அது கன்ஸ்ட்ரக்டரிலேயே இருக்கிறது. நியூ பற்றுக்கணக்கு('ஓட்டல்', 5000000) போதும். மதிப்பு மட்டும் மாறுவதற்குப் புது கிளாஸ் எதற்கு?

எக்ஸ்டெண்ட்ஸைப் பழக ஒரு நல்ல இடம் உண்டு, அது உங்கள் சொந்த எக்செப்ஷன்.

```
கிளாஸ் வரம்புமீறல் எக்ஸ்டெண்ட்ஸ் டொமைன்எக்செப்ஷன் {}
```

உடல் காலி. ஆனாலும் டொமைன்எக்செப்ஷனுக்கு இருக்கும் எல்லாம் இதற்கும் வந்துவிடுகிறது. வாங்கு மெத்தடில் த்ரோ செய்யும் பெயரை இதற்கு மாற்றிவிட்டு, பக்கத்தில் ட்ரை, கேட்ச் எழுதும்போது வரம்புமீறலை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். 'கடன் வரம்பு முடிந்தது, கொஞ்சம் கட்டிவிட்டு வாங்கலாம்' என்று வாடிக்கையாளருக்குக் காட்டலாம். மற்றப் பிழைகள் எப்போதும்போல் லாகுக்குப் போகட்டும்.

உண்மையிலேயே ஒரு கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். தாய் கிளாஸின் பிரைவேட், பிள்ளைக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் ப்ரொடெக்டட். அப்புறம், பிள்ளை கிளாஸ் தனக்கென்று கன்ஸ்ட்ரக்டர் எழுதினால் தாயின் கன்ஸ்ட்ரக்டர் தானாக ஓடாது. பேரன்ட்::__கன்ஸ்ட்ரக்ட் என்று நீங்கள்தான் அழைக்க வேண்டும். மறந்தால், ப்ராப்பர்ட்டி மதிப்பு ஏறும் முன் அணுகப்பட்டது என்ற பொருளில் ஒரு பிழை வரும். பிழை காட்டும் வரியில் தப்பு இருக்காது, கன்ஸ்ட்ரக்டரைப் போய்ப் பாருங்கள்.

இன்டர்ஃபேஸ்

மாதக் கடைசியில் பாக்கியை நினைவூட்ட வேண்டும். சிலருக்கு எஸ்எம்எஸ், சிலருக்கு மின்னஞ்சல். எது வழி என்பது நினைவூட்டும் கோடுக்குத் தெரியவே வேண்டியதில்லை.

```
இன்டர்ஃபேஸ் நினைவூட்டி
{
    பப்ளிக் ஃபங்ஷன் அனுப்பு(பற்றுக்கணக்கு $கணக்கு): வாய்டு;
}

கிளாஸ் திரைநினைவூட்டி இம்ப்ளிமெண்ட்ஸ் நினைவூட்டி
{
    பப்ளிக் ஃபங்ஷன் அனுப்பு(பற்றுக்கணக்கு $கணக்கு): வாய்டு
    {
        எக்கோ $கணக்கு->பெயர், ': ', $கணக்கு->பாக்கி() / 100, "\n";
    }
}
```

இன்டர்ஃபேஸில் வேலை எதுவும் இல்லை, 'இப்படி ஒரு மெத்தட் இருக்கும்' என்ற உறுதி மட்டும்தான். எஸ்எம்எஸ்நினைவூட்டி என்று இன்னொரு கிளாஸ் எழுதி, அதே அனுப்பு மெத்தடில் எஸ்எம்எஸ் சேவையை அழைக்கலாம். நினைவூட்டலை நடத்தும் ஃபங்ஷன் 'நினைவூட்டி $வழி' என்று மட்டும் கேட்கட்டும், எதைக் கொடுத்தாலும் வேலை செய்யும். பழகும்போது திரையில் அச்சடிப்பதைக் கொடுங்கள், கடைக்காரரிடம் ஒப்படைக்கும்போது எஸ்எம்எஸ்ஸைக் கொடுங்கள். சோதனை செய்கிறேன் என்று நூறு பேருக்கு எஸ்எம்எஸ் பறந்துவிடும் அபாயம் இல்லை.

கோப்புகளை அடுக்குவது

ஒரு கோப்பில் ஒரு கிளாஸ், கோப்புக்கும் கிளாஸின் பெயரே. முதலில் ரிக்வயர்_ஒன்ஸ் போதும். ஐந்தாறு கிளாஸ் சேர்ந்ததும் கம்போசர் என்ற பிஎச்பி பேக்கேஜ் கருவியை நிறுவி, பிஎஸ்ஆர்-4 முறையில் (கிளாஸின் பெயரை வைத்தே கோப்பின் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழக்கம்) ஆட்டோலோடு வைத்துவிடுங்கள். நியூ சொன்னதும் கோப்பைத் தேடி எடுப்பது அதன் வேலை. ஆங்கிலப் பெயர் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிளாஸ் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை பிஎச்பி பார்க்காது. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு அந்த வித்தியாசம் உண்டு. விண்டோஸ் மடிக்கணினியில் ஓடியது, லினக்ஸ் சர்வரில் 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்று நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, கையில் ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன். இப்போது பாக்கி என்பது ஒற்றை எண். எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்பது அதில் இல்லை. அந்த எண்ணை எடுத்துவிட்டு, 'பதிவு' என்று தேதியும் தொகையும் கொண்ட சின்ன கிளாஸ் ஒன்று எழுதுங்கள். பற்றுக்கணக்கு தனக்குள் பதிவுகளின் அர்ரே ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், பாக்கி() என்று கேட்டால் அவற்றைக் கூட்டிச் சொல்லட்டும். டேட்டாபேசில் பதிவுகளுக்கு ஒரு டேபிள் கூடும், வரியிலிருந்து மெத்தடும் மாறும். ஆனால் வாங்கு, கட்டு, பாக்கி மூன்றையும் அழைக்கும் பக்கங்களில் ஒரு வரிகூட மாறக் கூடாது. எங்காவது மாற்ற வேண்டி வந்தால், அந்தப் பக்கம் கணக்கின் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.